புதுச் சாமைக்கு வந்த விருந்தாளிகள்

எங்கள் மலைக்கு வருவதென்றால் ஐப்பசியில் வாருங்கள். சித்திரையில் வேண்டாம், அப்போது எங்கள் மலையும் உங்கள் ஊரைப் போலவே காய்ந்து கிடக்கும். ஐப்பசியில் மேகம் ரோட்டிலேயே நடந்து வரும். பஸ்ஸின் இந்தப் பக்க ஜன்னலில் ஏறி, கொஞ்ச நேரம் நம் மடியில் உட்கார்ந்திருந்து, அந்தப் பக்க ஜன்னலில் இறங்கிப் போகும். வளைவுக்கு வளைவு ஓடைச் சத்தம் கேட்கும். பேயெள்ளு பூத்துச் சரிவெல்லாம் மஞ்சளாக இருக்கும். அதற்கு மேலே சாமைக் கதிர் முற்றித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம் நான் முதன்முதலில் சொன்னது ஒரு வகுப்பறையில். சொல்வதற்கு முன்னால் முப்பது பெண்கள் சிரித்து முடிக்கும்வரை காத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. இன்றைக்குப் பஸ் ஓடும், நாளைக்கு ஓடாது. சாலையோரத்துப் புளியமரம் காலையில் நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும், மதியம் ரோட்டின் குறுக்கே படுத்துக் கிடக்கும். அதனால் எங்கள் மாமல்லபுரம் சுற்றுலா ரத்தானது. "ஒரே நாள்ல போய்ட்டு வர்ற மாதிரி பக்கத்துல எடம் இருந்தா சொல்லுங்க" என்றார் டீச்சர்.

நான் எழுந்தேன். "கல்வராயன்மலை போலாம் டீச்சர்."

பின் பெஞ்சில் ரிஷிவந்தியம் பக்கத்துப் பெண் ஒருத்தி உண்டு. நிலம் நீச்சு உள்ள வீடு, வாய் அதைவிடப் பெரிது. "காலி பாட்டில் எடுத்துக்கினு வரணுமா, இல்ல அங்கியே பாட்டிலோட குடுப்பாங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

எங்கள் மலையின் பெயரைச் சொன்னால் சமவெளியில் எல்லோருக்கும் சாராயம்தான் ஞாபகம் வரும். மலையில் காய்ச்சுகிறவர்களே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம் புகை எழுந்தால் அது சோறு வேகிற புகையா வேறா என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மலை என்றால் அது மட்டும்தானா?

"காய்ச்சறது எங்க மலை, சரி. குடிக்கறது எந்த ஊரு?" என்று திருப்பிக் கேட்டேன்.

இப்போது சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது.

"சண்ட வேணாம்" என்றார் டீச்சர். "எதுக்குப் போவணும்னு காரணம் சொல்லு. புடிச்சிருந்தா போவலாம்."

சொன்னேன். மேகம், ஓடை, அருவி, மஞ்சள் பூ. சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது. கடைசியில் யாரும் கேட்காமலே ஒரு வாக்கும் கொடுத்தேன்: "அந்த வருஷத்துப் புதுச் சாமைச் சோறு டீச்சர். எங்க வூட்ல, எல்லாருக்கும்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றாள் பின் பெஞ்சுக்காரி. அந்த ஒரு சொல்லில் என் மலையின் மானம் முழுவதும் ஒரு வேளைச் சோற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முந்தின வாரம் ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். "சாமைதான் ஆக்கணும்" என்றேன். அம்மா "சரி சரி" என்றாள். அவள் இரண்டு முறை சரி சொன்னால் வேறு யோசனை இருக்கிறது என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இருட்டு விலகும் முன்பே கிளம்பிவிட்டோம். அடிவார செக்போஸ்டில் போலீஸ்காரர் ஏறி, எங்கள் தண்ணீர் பாட்டில்களை மோந்து பார்த்தார். "ஏறும்போதே மோந்து பாக்கறாரேடி! எறங்கும்போது பாத்தாலும் ஞாயம்!" என்று யாரோ சொல்ல, பஸ்ஸே குலுங்கியது. நானும் சிரித்தேன். முதல் வளைவு திரும்பியதும் மேகம் வந்தது. நான் சொன்ன மாதிரியே வந்தது! ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டு எல்லோரும் கத்தினார்கள். பின் பெஞ்சுக்காரி வாயைத் திறந்து மேகத்தைக் கடித்துப் பார்த்தாள். "உப்பு கம்மி" என்றாள்.

வெள்ளிமலையில் இறங்கி எங்கள் ஊருக்கு நடந்தோம். பேயெள்ளுக் காட்டுக்குள் நுழைந்ததும் பெண்கள் சிதறி ஓடினார்கள். டீச்சர்கூடப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டார். ஒருத்தியின் காலில் அட்டை கடித்தது. அதையும் ஒரு பாக்கியம் போல எல்லோருக்கும் காட்டிக்கொண்டு நடந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே என் கால் தரைக்கு வந்துவிட்டது.

"இன்னாம்மா?"

"உங்கப்பா இன்னும் வரல."

அம்மாவின் யோசனை இப்போதுதான் வெளியே வந்தது. டவுனிலிருந்து படித்த பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குச் சாமை போட்டால் நம்மை என்ன நினைப்பார்கள்? எங்கள் மலையில் விருந்தாளி என்றால் நெல்லுச் சோறுதான். அதுதான் மரியாதை. அதற்காக முந்தின நாளே அப்பாவைக் கீழே அனுப்பிப் பொன்னி அரிசி வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். அப்பா காலை இரண்டாவது பஸ்ஸில் வர வேண்டியவர். எங்களுக்குப் பின்னாலேயே மறியல் தொடங்கி ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்று வெள்ளிமலையிலிருந்து வந்த ஜீப்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"நான் சாமைன்னுதானம்மா சொன்னேன்!"

"சாமையப் போட்டா நம்மள கேவலமா நெனைக்க மாட்டாங்களா?"

"சாமை திங்கத்தாம்மா கூட்டிக்கினு வந்தேன்! சரி, இப்பயாவது ஆக்கு."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "புதுசு இன்னும் வெக்கலடி."

புதிதாக அறுத்த தானியத்தைக் காளிக்குப் படைத்துவிட்டுத்தான் ஊரில் யாரும் வாயில் வைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் புதுசு வைப்பது. வழக்கமாக அதற்குள் முடிந்துவிடும். அந்த வருஷம் மழை தள்ளிப்போய், அறுப்பும் தள்ளி, அடுத்த வெள்ளிக்கிழமைதான் என்று ஊர் முடிவு செய்திருந்தது. போன வருஷத்துச் சாமை புரட்டாசியிலேயே தீர்ந்துவிட்டது. வீட்டில் மிச்சமிருந்த கேழ்வரகு நாலு பேருக்குக்கூடத் தேறாது. மூலையில் புதுச் சாமை குவியலாகக் கிடக்கிறது, அதைத் தொட முடியாது. வெளியே முப்பது பேர் பசியோடு ஓடையில் முகம் கழுவுகிறார்கள்.

நான் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன். அம்மாவும் பின்னால் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார். "வெள்ளிக்கெழமன்னு சாமிகிட்ட சொல்லியாச்சே. நீ படிச்ச புள்ள, உனக்கு அவசரம். சாமிக்கு அவசரமா?"

ஆம்பிளைகள் கூடிய இடத்தில் அம்மா பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள். "வூடு தேடி வந்த புள்ளைங்க பசியோட மலையெறங்கினா, வெள்ளிக்கெழம அந்தச் சாமி மட்டும் சாப்புடுமா? பூ கேளுங்க. சாமி மாட்டேன்னா நான் போயிடறேன்."

பூ கேட்பது என்றால், காளியின் தலையில் ஒரு பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பது. வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. கவுண்டர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து ஒரு செவ்வரளியை வைத்தார். இதற்குள் விஷயம் பரவி, எங்கள் பெண்களும் ஓடையிலிருந்து வந்து கோயிலைச் சுற்றி நின்றுவிட்டார்கள். பூ நகரவில்லை.

"இன்னாடி நடக்குது?" என்று பின் பெஞ்சுக்காரி என் காதில் கேட்டாள். சொன்னேன். மரம் விழுந்ததையும் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. "எங்கண்ணனும் மறியலுக்குப் போவுதுடி. நேத்தே கோடாலி தீட்டிக்கினு இருந்துச்சு."

"அப்ப உங்கண்ணன்தான் எங்கப்பாவ நிறுத்தி வெச்சிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. கைகூப்பிக்கொண்டு பூவையே பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் என்னைவிடப் பயந்தவள் அவளாகத்தான் இருந்திருப்பாள்.

மேகம் ஒன்று கோயிலுக்குள் புகுந்து சிலையை மறைத்தது. விலகியபோது பூ வலப்பக்கத் தரையில் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! மேளம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு முறம் சாமை வந்தது. வெயிலில் சூடேறிக் கிடந்த பாறையில் உலர்ந்திருந்த சாமை. உரலில் போட்டதும் பச்சை வைக்கோலும் மழையும் கலந்த வாசம் கிளம்பியது. டவுன் பெண்கள் உலக்கையைத் தூக்கி உரலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் குத்தினார்கள். "நவுருங்கடி" என்று பின் பெஞ்சுக்காரி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். கிராமத்து உடம்பு, இரண்டு உலக்கைகள் மாறி மாறி விழும் தாளம் அவளுக்கு உடனே பிடிபட்டது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, "இது யாரு, நம்ம வூட்டுப் பொண்ணா?" என்று கேட்டாள்.

முதல் கவளம் காளிக்கு. பிறகு எல்லோருக்கும் தையல் இலையில் சுடச்சுடச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. ஊரோடு உட்கார்ந்து, அந்த வருஷத்தின் முதல் சாமையை எல்லோரும் ஒன்றாக வாயில் வைத்தோம். பிறகு டீச்சர் இலையை முன்னால் தள்ளி, "இன்னும் கொஞ்சம்" என்றார். அம்மா கரண்டியை எடுக்க மறந்து என்னைப் பார்த்தாள். 'பார்த்தாயா' என்று நான் கண்ணால் கேட்டேன்.

வெயில் சாயும்போது அப்பா வந்தார். அடிவாரம் வரை யாருடைய மாட்டு வண்டியிலோ, பிறகு ஒற்றையடிப் பாதையில், தலையில் அரிசி மூட்டையோடு மலையேறியிருக்கிறார். மூட்டையை இறக்கியதும் இலைகளைத்தான் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"சாமையவா போட்ட?" என்றார் அம்மாவிடம். "நான் இந்தத் தூரம் தூக்கிக்கினு வந்தேனே!"

"மூணு தடவ வாங்கிச் சாப்ட்டோங்க" என்றாள் பின் பெஞ்சுக்காரி.

அப்பா நம்பவில்லை. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையாட்டினார். பின் பெஞ்சுக்காரி அதற்குள் தண்ணீர் தெளித்து இலை போட்டுவிட்டிருந்தாள்.

"உக்காருங்கப்பா" என்றாள். கேலிக்காரியின் வாயிலிருந்து அந்த 'அப்பா' எந்தத் தடையுமில்லாமல் வந்தது. "வழியில மரம் ஜாஸ்தியா கெடந்துச்சாங்க?"

"அத ஏம்மா கேக்கற. பெரிய பெரிய மரம். எவனோ நல்ல கைக்காரன் வெட்டியிருக்கான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் குனிந்துகொண்டு, அப்பாவின் இலையில் இன்னும் ஒரு கரண்டி சாமைச் சோற்றை வைத்தாள்.