சைட்டில் இருக்கும் சார்

வீட்டு ரிப்பேர் வேலைகளை எடுத்துச் செய்யும் தொழிலை நான் தனியாகத்தான் நடத்துகிறேன். பெண் என்றால் வேலை தரமாட்டார்களோ என்று பயந்து, யார் அழைத்தாலும், "சார் சைட்ல இருக்காரு, கேட்டுச் சொல்றேன்" என்பேன்.

அன்று அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மாள், பாத்ரூம் ஒழுகுகிறது என்று அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மூன்று வயது மகளுக்கு இட்லி ஊட்டியபடியே அதே பதிலைச் சொன்னேன்.

"நம்ம வீட்ல சாரே இல்லியேம்மா! ஏன் பொய் சொல்ற?" என்று மகள் கத்தினாள்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு ஸ்பீக்கரில் அந்த அம்மாளின் சிரிப்பு கேட்டது.

"சாரு இல்லன்னா இன்னா, நீயே வாம்மா. இங்க தண்ணி சொட்டிகினே கீது."

மறுநாள் கதவைத் திறந்த அந்த அம்மாள், "வாங்க சார்!" என்றார். இடுப்பிலிருந்த மகள் திரும்பி, என் முதுகுக்குப் பின்னால் சாரைத் தேடினாள்.