அம்மா வீட்டு டிஸ்க்

பிரியாணிச் சட்டியைத் தம்மில் போட்டு மூடியதும் கையைக் கழுவிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் போட்டோ எடுக்கப் போய்விடுவார் ஹஃப்சா அக்கா. வெள்ளிக்கிழமை என்றால் தவறாது. மேசை இழுப்பறையிலிருந்து கறுப்பு டிஸ்க்கை எடுத்துச் சொருகி, நாலைந்து இடத்தில் கிளிக் செய்துவிட்டு, "யாரும் கிட்ட வராதீங்க, போட்டோ எடுக்குறேன்" என்பார். முதல்முறை அதைக் கேட்டபோது நான் அவசர அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். எனக்கல்லவாம். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இருக்கும் அத்தனையையும் ஒரு துளி சிந்தாமல் ஒரே கோப்பாகச் சுருட்டி வைப்பதற்குத்தான் அவர் அகராதியில் போட்டோ என்று பெயர்.

மணமேல்குடியில் எங்கள் தெருவைச் சுற்றி நிக்காஹ், கல்யாணம், காதுகுத்து எது கூடினாலும் பத்திரிகை முதலில் உருவாவது இவர் வீட்டு முன்னறையில்தான். கணவர் அப்துல் நாசர் ஷார்ஜாவில் இருக்கிறார். மகள் ஆஃபியாவுக்குத் திருச்சியில் வேலை. அக்காவுக்குத் துணை ஒரு பழைய கம்ப்யூட்டரும் அதைவிடப் பழைய தமிழ் எழுத்துருக்களும்.

பத்திரிகைகளை மட்டும் காப்பி எடுத்து வைத்தால் போதாதா, எதற்குக் கம்ப்யூட்டரையே சுருட்ட வேண்டும் என்று ஒருநாள் நான் மேதாவித்தனமாகக் கேட்டுவிட்டேன். அவர் வாதாடவில்லை. என் தம்பி மகனின் காதுகுத்துப் பத்திரிகையைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, வீட்டில் போய்த் திறந்து பார்க்கச் சொன்னார். திறந்தேன். தாய்மாமன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் வாலுமாக என்னென்னவோ ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த எழுத்துரு, அதற்கான விசைப்பலகை, பக்கம் கட்டும் மென்பொருள் எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்றைப் பிரித்தாலும் தமிழ் போய்விடும். திரும்பி வந்து அசடு வழிந்தபோதுதான் சொன்னார். "மீனை மட்டும் அள்ளுனா செத்துப்போயிரும் தங்கச்சி. தண்ணியோட அள்ளணும்."

இந்தத் தெளிவு சும்மா வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை வீடியோ காலில் நாசர் வழி சொல்லச் சொல்ல இவர் செய்திருக்கிறார். அங்கிட்டு இருப்பதை இங்கிட்டு எடு என்றாராம் அவர். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் இருவரில் யாருக்கு எது அங்கிட்டு? வெறும் டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏறி உட்கார்ந்து, அந்த வருஷத்துப் பத்திரிகைகளை மொத்தமாகத் துடைத்துவிட்டது. அதோடு நாசருக்கு இந்த இலாகா பறிபோனது.

அக்கா டிஸ்க்குகளுக்குப் பெயர் வைத்தார். கம்ப்யூட்டருக்குள் இருப்பது 'மாமியா வீடு'. கறுப்பு டிஸ்க் 'அம்மா வீடு'. மாமியார் வீட்டில் நடப்பதையெல்லாம் அம்மா வீட்டில் சொல்லி வைப்போம். அங்கே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அம்மா வீட்டிலிருந்துதான் கிளம்பி வருவார்கள். "இதுல எந்தப் பொம்பளைக்காவது தெச மாறுமா?" என்று கேட்டார். எனக்கு மாறாது. எடுத்த போட்டோவை அவ்வப்போது ஓர் உபரி டிஸ்க்கில் இறக்கி, திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார். இறக்கிப் பார்க்காமலே நம்பிக்கொண்டிருப்பவர்களை அவர் மதிப்பதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

போன மாதம் ஆஃபியாவுக்கே நிக்காஹ் பேசி முடித்தார்கள். பத்திரிகையை அக்காவே வடிவமைத்தார். அவர்கள் குடும்பத்துப் பத்திரிகைகளில் பெண்ணின் தகப்பன் பெயர் இருக்கும். பெரியத்தா, மாமா, மச்சான் எல்லாரும் வரிசை கட்டி நிற்பார்கள். பெற்றவள் பெயரை மட்டும் போடுவதில்லை. அக்காவும் அப்படியேதான் அடித்து வைத்திருந்தார். சனிக்கிழமை ஊருக்கு வந்த ஆஃபியா அதைப் பார்த்தாள். தாயை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து, தகப்பன் பெயருக்குப் பக்கத்தில், கொஞ்சம் சின்ன எழுத்தில், ஹஃப்சா என்று சேர்த்தாள். "ஊர்ல எல்லார் பேரையும் அடிச்சது நீங்க. ஒங்க பேரு இல்லாத பத்திரிகைய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

நாசரின் அண்ணன், அக்கா மச்சான் என்று கூப்பிடும் ஹாஜா முகைதீனுக்கு அது பிடிக்கவில்லை. வழக்கத்தில் இல்லாததை எதற்குப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றார். ஷார்ஜாவைக் கேட்டால், நீங்களே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டது. அக்கா எந்தப் பக்கமும் பேசவில்லை. என்னிடம் மட்டும், வெட்கமாக இருக்கிறது என்றார். ஆனால் அன்று சாயங்காலம் ஏதோ வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை ஆஃபியா திருச்சிக்குத் திரும்பினாள். திங்கள் காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. நான் போனபோது பத்திரிகையை அறந்தாங்கி அச்சகத்துக்குக் கொண்டுபோக ஹாஜா முகைதீன் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எனக்கும்தான் படபடப்பு. அக்கா உபரி டிஸ்க்கை எடுத்தார், பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார், செத்துப்போன டிஸ்க்கை உருவிவிட்டு அந்த இடத்தில் உபரியை மாட்டினார். இதற்கென்றே வைத்திருக்கும் பென்டிரைவில் கம்ப்யூட்டரைக் கிளப்பி, கறுப்பு டிஸ்க்கைச் சொருகினார். இந்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை மிரட்டியது. "அம்மா வீட்டுல இருந்து மாமியா வீட்டுக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு, தட்டிவிட்டு, வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

உரித்து முடித்து வந்தபோது எல்லாம் வந்திருந்தது. குப்பைத்தொட்டியில் எறிந்த கோப்புகூட எறிந்த இடத்திலேயே கிடந்தது. ஆஃபியாவின் பத்திரிகையைத் திறந்தார். ஒரு சுழி பிசகவில்லை. ஆனால் அது வெள்ளிக்கிழமை எடுத்த போட்டோவில் இருந்த பத்திரிகை. அப்துல் நாசர் என்ற பெயர் தனியாக நின்றது. சனிக்கிழமை சேர்ந்தது சனிக்கிழமையோடு போய்விட்டது.

ஹாஜா முகைதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆஃபியாவின் காலேஜ் சீட்டுக்கு அலைந்ததெல்லாம் அவர்தான். "அதுவாவே போயிருச்சு பாரு. நாம யாரும் அழிக்கல. இப்புடியே குடுத்துரும்மா" என்றார், நிம்மதியாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல சாக்குத்தான். கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுவிட்டால் மகளுக்கும் பதில் சொல்லிவிடலாம், மச்சானோடும் மனஸ்தாபம் இல்லை. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார். விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கணவர் பெயருக்குப் பக்கத்தில் ஹஃப்சா என்று அடித்தார். மகள் போட்ட மாதிரி சின்ன எழுத்தில் இல்லை. இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே அளவாக்கினார். பிறகு திரையை ஹாஜா முகைதீன் பக்கம் திருப்பி வைத்து, "பேருல பிழை இருக்கா பாத்துச் சொல்லுங்க மச்சான்" என்றார்.