டெட்ஸோன் பூஜ்யம்

போன வாரம் இங்கே பொங்கினேனே, திருச்சுழி லோடு வேன் டிரைவர் ஒருவர் தன் பழுதான கேம்பேடை என் தலையில் கட்டிவிட்டார் என்று? ராலி கேமில் கார் தானாகவே இடது பக்கம் ஓடி முள்ளுக்குள் விழுகிறது என்று? அவர் பெயரையும் போட்டிருந்தேன்.

இன்று லேப்டாப்பும் கேம்பேடுமாக அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, அவர் வேன் நிற்கிற இடத்துக்கே போய்ச் சண்டை போட்டேன்.

அவர் லேப்டாப்பை வாங்கி, கேம்பேடின் செட்டிங்ஸைத் திறந்தார்.

"டெட்ஸோன், அதான் கேம்பேடு குச்சி லேசா அசைஞ்சா கண்டுக்காம விடுற அளவு, பூஜ்யத்துல இருக்கே. யாரு வச்சது?"

"நான்தான். தொட்டவுடனே திரும்பணும்ல?" பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஸ்டீரிங்குன்னா கொஞ்சம் பிளே, சும்மா ஆடுற இடம் வேணும் தம்பி. இல்லைன்னா குச்சி இம்புட்டு சாஞ்சாலும் வண்டி கம்மாய்க்குள்ள போயிரும்."

பத்தில் வைத்தார். கார் நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது.

நான் லேப்டாப்பை மூடும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க போட்டதை எம்மக பாத்துட்டா தம்பி. 'ஏமாத்தியா வித்தீக?'ன்னு கேட்டா."

அந்தப் பதிவை அழிக்கவில்லை. அதன் கீழேயே இதையும் ஒட்டியிருக்கிறேன். அங்கே அவரைத் திட்டிய அத்தனை பேரும் இங்கே வந்து என்னைத் திட்டுங்கள்.

என் டெட்ஸோன் இன்று பூஜ்யம்தான். லேசாகச் சொன்னாலே உறைக்கும்.