பாஸ் வாத்தியத்துடன் ஓகூஸ் போனது

வண்டியில் வந்தவர்கள்: பான்ஜோ வாசிக்கிற என் மகள் அபிரா. கிற்றார் வாசித்துப் பாடுகிற யோனாஸ். வயலின்காரி சோபி. பாஸ்காரன் மாஸ். ஓட்டினது நான். மாஸின் பாஸையும் சேர்க்கவேண்டும். அது பெரிய வயலின் மாதிரி, ஆளை விட உயரம். பின்னுக்குப் படுக்க வைத்தோம்.

நவம்பர் மாதம், சனிக்கிழமை. காலை 6.10க்கு டோஸ்ட்ருப்பில் இருந்து வெளிக்கிட்டோம். நல்ல மழை. பாஸை மூன்றாம் மாடியில் இருந்து இறக்கி வண்டிக்குக் கொண்டு வருவதற்குள் அதன் உறை ஊறிவிட்டது. நான் சலவைத் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். முதியோர் இல்லங்களின் படுக்கை விரிப்புகளைக் காய வைக்கிறது என் வேலை. ஈரத்தைக் கண்டால் கை சும்மா இராது. ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டு, காற்றைப் பின்பக்கம் திருப்பி விட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

இவர்கள் வாசிக்கிறது புளூகிராஸ். அமெரிக்க மலைப்பக்கத்துப் பாட்டு, நல்ல வேகம். மேளம் கிடையாது. தாளத்தைப் பாஸ்தான் பிடித்து வைத்திருக்கும். இது இவர்களுடைய இரண்டாவது அல்பம். பத்துப் பாட்டில் எட்டு முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டு. செவ்வாய்க்கிழமை சோபி படிக்க நோர்வே போகிறாள். ஒலிப்பதிவுக்கு எடுத்த மண்டபம் இன்றைக்கு மூன்று மணி வரைக்கும்தான். இன்றைக்கு விட்டால் அல்பம் இல்லை.

6.30. பெருங்காற்று, கடலுக்கு மேலால் போகிற பெரிய பாலத்தில் உயரமான வண்டிகளை விடவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். எங்கள் வண்டியும் உயரம்தான். ஒட்டன் துறைக்குத் திருப்பினேன். தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். அங்கிருந்து ஓகூஸுக்குக் கப்பல்.

"அப்பா, கப்பல் ஓடாட்டி?" அபிரா டெனிஷில் கேட்டாள். அவள் டெனிஷில் கேட்பாள், நான் தமிழில் சொல்வேன். எங்கள் வீட்டுக் கதை எல்லாம் அப்படித்தான்.

"ஓடும்."

"எப்பிடித் தெரியும்?"

"தெரியாது."

7.50க்குத் துறையில் நின்றோம். எட்டு மணிக் கப்பல் 8.40க்குத் தள்ளிப்போனது. ஒரு கோப்பி 34 குறோன். யோனாஸ் நாலு தரம் இறங்கி நாலு தரம் ஏறினான். சோபி வயலினும் வில்லும் இல்லாமல் விரலால் முழங்காலில் வாசித்தாள். நானும் சில்லுகளை இரண்டு தரம் உதைத்துப் பார்த்தேன்.

கப்பலில் எண்பது நிமிடம். அலை தூக்கிப் போட்டது. கீழே வண்டித் தட்டுக்குப் போய்ப் பாஸைப் பார்க்க மாஸ் கேட்டான். ஓடும்போது யாரையும் விடமாட்டார்கள்.

"பயப்பிடாதை. நல்ல சூட்டில கிடக்கு," என்றேன்.

"நன்றி, அப்பா," என்றான். அபிரா கூப்பிடுவதைக் கேட்டு நாலு பேருக்கும் நான் அப்பாதான்.

10.05 ஓகூஸ். வடக்கே இன்னும் இருபத்தெட்டுக் கிலோமீற்றர், ஹீற்றரோடுதான். 10.40க்கு ஒரு கிராமத்துப் பொதுமண்டபம். ஒலிப்பதிவு செய்கிற ஹென்றிக் நடுவில் ஒரேயொரு மைக்கை நட்டிருந்தார். நாலு பேரும் அதைச் சுற்றி நிற்பார்கள். தன் முறை வந்தவர் கிட்டப் போவார், முடிய விலகுவார். பிறகு வெட்டி ஒட்டுகிறது இல்லை. ஒருத்தர் பிழைவிட்டால் எல்லாரும் முதலில் இருந்து.

மாஸ் ஒரு நரம்பைத் தட்டினான். "ர்ர்ர்" என்றது. கீழ் ஓரத்தில், முதுகுப் பலகை பக்கத்தோடு சேருகிற இடத்தில், பசை விட்டு நாலு விரல் நீளத்துக்கு வாய் திறந்திருந்தது. ஒட்டுநாடா ஒட்டிப் பார்த்தார்கள். நாடாவும் சேர்ந்து அதிர்ந்தது. சரியாக ஒட்டிக் காய ஒரு நாள் வேண்டும்.

மாஸ் நிலத்தில் குந்திவிட்டான். "என்ர பிழை. போன மாசமே ஒருத்தரிட்டக் காட்டியிருக்கோணும்."

நான் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். மெசினில் இருந்து எடுத்த விரிப்பு மாதிரிச் சுட்டது. சூட்டில்தான் பசை விட்டிருக்கிறது.

"பிள்ளை," என்றேன் அபிராவிடம். "ஹீற்றரைப் பின்னுக்கு விட்டது நான்."

"எவ்வளவு நேரம்?"

"வண்டி ஓடின நேரம் முழுக்க. அவனிட்டச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்கோ." இதை அவள் தமிழில் சொன்னாள்.

என்னுடைய டெனிஷில் சொன்னேன். 

"ஏன்?" என்றான் மாஸ்.

"நனைஞ்சிருந்தது."

"என்ர சப்பாத்தும்தான் நனைஞ்சது. அதைக் கவனிச்சிருக்கலாம்," என்றான் யோனாஸ். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஹென்றிக் குனிந்து வெடிப்பை விரல்களால் நெரித்துக்கொண்டு, தட்டு என்றார். மாஸ் தட்டினான். இரைச்சல் நின்றது. மாஸ் என்னைப் பார்த்தான்.

"அப்ப நீங்கள் பிடியுங்கோ."

பாஸுக்குப் பின்னால் முழங்காலில் நின்று இரண்டு பெருவிரலாலும் அமத்தினேன். கொஞ்சம் விட்டால் இரையும். கூடுதலாக அமத்தினால் தொனி செத்துப்போகும். இருமக்கூடாது, அசையக்கூடாது. வீட்டில் தொலைக்காட்சிச் செய்தி முடிவதற்குள் மூன்று தரம் எழும்புகிற ஆள் நான். பாஸின் அதிர்வு பெருவிரலால் ஏறித் தோளுக்கு வந்தது.

முதற்பாட்டு நாலாம் தரம் சரிவந்தது. இரண்டாவது பாட்டு வேகம் கூட. அபிராவின் விரல் ஒரு தரம் வழுக்கியது. சோபியின் வில் ஒரு தரம் கீறியது. ஒரு தரம், நல்லாய்ப் போய்க்கொண்டிருக்கும்போது, "டக்" என்றது.

"ஆருடைய முழங்கால்?" என்றார் ஹென்றிக்.

கையைத் தூக்கினேன். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். மாஸும்.

2.40. மூன்று மணிக்கு அங்கே ஒரு பிறந்தநாள். ஆட்கள் கேக்கோடு கதவடியில் நின்றார்கள். ஹென்றிக் அவர்களுக்குக் கையால் பொறுங்கள் என்று காட்டினார். நேரத்துக்கு இன்னும் ஒரு தரம்தான். தொடங்கினார்கள். எனக்கு வலது பெருவிரல் விறைத்துப் போனது. இடதால் அதையும் சேர்த்து நெரித்தேன். யோனாஸ் பாடி முடித்தான், அபிரா கிட்டப் போனாள், விலகினாள். கடைசி நரம்பு அடங்கும் வரைக்கும் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஹென்றிக் தலையை ஆட்டினார். கதவடியில் நின்ற ஆட்கள் கை தட்டினார்கள்.

அபிரா என் கையைப் பிடித்துத் திருப்பினாள். பெருவிரலில் பலகையின் ஓரம் கோடாய் விழுந்திருந்தது.

"நோகுதா?"

"இல்லை."

"பொய்."

"ஓம்."

3.30க்குத் திரும்பினோம். காற்றுத் தணிந்ததால் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். அந்த வழியால் டோஸ்ட்ருப்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். எங்கள் தொழிற்சாலையில் ஒரு விரிப்புப் பிழைத்தால் திரும்பத் தோய்க்கப் போடலாம். பத்துத் தரமும் போடலாம், கதவடியில் ஒருத்தரும் கேக்கோடு நிற்கமாட்டார்கள். நான் அதுக்குப் பழகிய ஆள். பதினெட்டுக் கிலோமீற்றர்ப் பாலத்தை ஓடி முடிக்கும் வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஹீற்றர் போடவில்லை. ஐந்து பேரும் குளிர்க்கோட்டோடு இருந்தோம். மூச்சுப் படிந்து கண்ணாடி மங்கியது. யன்னலை ஒரு விரல் அளவு திறந்தேன்.

"அப்பா, கொஞ்சமெண்டாலும்..." என்றான் யோனாஸ், பல்லு அடிக்க.

"வேண்டாம்," என்றான் மாஸ். பாஸ் மேல் கை வைத்திருந்தான்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தேன். உள்ளே ஆறு பாகை. கையைச் சும்மா வைத்திருந்தேன்.