அளவுக்கல் பக்கத்து வீடு

கல்யாணமாகி நான் பேத்தமங்களாவுக்குப் போனபோது என் கணவருக்கு அங்கே ஒரே வேலைதான். ஏரிக்குள் நட்டிருந்த அளவுக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, தங்கவயலுக்குச் சுரங்கக் கம்பெனியின் இன்ஜின்கள் எவ்வளவு தண்ணீர் இறைக்கின்றன என்று தினமும் சர்க்காருக்கு எழுதி அனுப்ப வேண்டும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் கம்பெனி ஒரு இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். மிச்சத் தண்ணீர் வயல்களுக்கு. அப்படித்தான் ஏற்பாடு.

எங்கள் வீடு கரைமேல் தனியாக இருந்தது. கம்பெனி ஆட்களின் வீடுகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன, கூப்பிடத்தான் யாருமில்லை. அவர்களுக்கு நாங்கள் வேவு பார்க்க வந்தவர்கள். ஊர்க்காரர்களோ, ஏரியைக் கம்பெனிக்குக் கொடுத்த சர்க்காரின் ஆள் என்று ஒதுங்கினார்கள். அவரும் வீட்டில் அதிகம் பேசமாட்டார். பகல் முழுக்க இன்ஜின் சத்தம்தான் எனக்குத் துணை.

இன்ஜின் ஓட்டுபவரின் மனைவி ஒருத்தி மட்டும் வந்தாள். ஆம்பூர்ப் பக்கத்துப் பெண். என் பேச்சில் வேலூர் வாடை அடித்ததாம். மத்தியானங்களில் வந்து எனக்குத் தலை வாரிவிடுவாள். அவள் கை பட்டதும் சில நாள் எனக்கு அழுகை முட்டும். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்பேன்.

இரண்டாம் வருஷம் மழை ஏமாற்றியது. தண்ணீர் சிவப்புக் கோட்டை நெருங்கிய சமயம், கைக்குழந்தையைப் பக்கத்தில் விட்டுவிட்டு என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்:

"ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. கொஞ்சம் மேல இருக்குதுன்னு எழுதினா இன்னா ஆயிடப் போவுது? இன்ஜின நிறுத்தினா எங்க வூட்டுக்காரரத்தான் வேலைய விட்டு அனுப்புவாங்க."

பயிர் வைத்தவர்கள் இருக்கிறார்களே என்றேன்.

"அவங்கள்ல யாருனா உங்க வூட்டு வாசல மிதிச்சாங்களா?"

சாயங்காலம் அவள் கேட்டதை அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "கல்லு எல்லார் கண்ணுக்கும் தெரியுது. நான் மட்டும் எப்படி மாத்தி எழுதறது?" என்றார்.

உள்ளதையே எழுதினார். ஒரு இன்ஜின் நின்றது. இருந்த வேலை போய், அவள் புருஷன் தங்கவயல் மாரிகுப்பத்தில் சுரங்க வேலைக்குப் போனார். சாமான்களை ஏற்றிய வண்டி எங்கள் வாசல் வழியாகத்தான் போயிற்று. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மடியிலிருந்த குழந்தைதான் என்னைப் பார்த்தது.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. நின்ற இன்ஜினுக்கு வேறு ஆள் வந்தார். நான் வண்டி பிடித்து மாரிகுப்பம் போய் விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். "வாங்கம்மா" என்று முக்காலியை எடுத்துப் போட்டாள். அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டிருந்தாள். ராத்திரி ஷிப்டு முடித்த அவள் புருஷன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் தணிந்த குரலில் பேசினோம். காப்பி கொடுத்தாள். குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. நான் கிளம்பியபோது தெருமுனை வரை வந்து, வண்டிக்காரனிடம் பார்த்து ஓட்டச் சொன்னாள்.

வீடு திரும்பியதும், அவர்கள் சௌக்கியமா என்று அவர் கேட்டார். சௌக்கியம் என்றேன். அவர் அளவுக்கல்லைப் பார்க்கக் கரையிலிருந்து இறங்கிப் போனார்.