ரசாக் பாய் பிரிக்காத புத்தகம்

என் வீட்டுக்காரர் அப்துல் ரசாக்குக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கவலைதான். சர்க்கரையா, கடை வாடகையா, மகள் கல்யாணமா என்று கேட்டால் அதெல்லாம் இல்லை. ஊதாக்கோளிலிருந்து பூமிக்குத் திரும்பியது அப்பாவா, மகளா என்பதுதான்.

சிரிக்காதீர்கள். நிக்காஹ் முடிந்து நான் சேக்காட்டுக்கு வந்த வாரமே இந்தக் கதையைச் சொல்லி என் உயிரை எடுத்தார். சின்ன வயதில் படித்த சித்திரக்கதையாம். பெயர் ‘ஊதாக்கோள் கைதி’. விஞ்ஞானி அப்பாவும் மகளும் வேற்றுக்கோளில் மாட்டிக்கொள்கிறார்கள். ராக்கெட்டில் ஒரே ஒரு இருக்கைதான் மிச்சம். யார் ஏறுவது? அந்த இடத்தில் ‘தொடரும்’ போட்டுவிட்டான் பாவி. அடுத்த இதழ் வருவதற்குள் இவருடைய அத்தாவுக்கு வேலை போய், காமிக்ஸ் வாங்குவதும் நின்றுவிட்டது. அதன்பிறகு அந்தக் கடைசி இதழைக் கேட்டு இவர் ஏறி இறங்காத பழைய புத்தகக் கடை இல்லை.

ஆவடி மார்க்கெட்டில் இவருக்கு லேமினேஷன் கடை. காமிக்ஸ் சேர்க்கிறவர்கள் பழைய இதழ், பொம்மை ராக்கெட் என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். காற்று புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுப்பார். அதற்கென்று ஒரு முறை உண்டு. கையுறை போட்டு, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, குண்டு பல்பின் சூட்டில் ஈரம் போகக் காயவைத்துத்தான் மூடுவார். மாவு சலிக்கக்கூட நான் அத்தனை பொறுமை காட்டியதில்லை.

அந்தக் கதையை செல்போனில் பார்க்கிற மாதிரி தொடராக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதே மாதம், வானகரம் அடுக்குமாடியில் இருக்கும் ஸ்ரீநாத் என்கிற ஐடி கம்பெனிப் பிள்ளை கொட்டுகிற மழையில் கடைக்கு வந்தான். சாப்பாடு கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன். பைக்குள்ளிருந்து எடுத்து வைத்தான். அதே கடைசி இதழ்!

“யாருமே பிரிக்காத காப்பி, பாய். பிரிச்சா மதிப்பு போயிடும். அப்படியே சீல் பண்ணிக் குடுங்க.”

இவர் அட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தார். ஆனால் பிரிக்கவில்லை. பிரிக்காததால் காயவைக்கவும் இல்லை. பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

“உங்களுக்கு இன்னா பைத்தியமா? கடைசிப் பக்கத்த ஒரு தபா பாத்தா இன்னா கொறஞ்சா பூடும்?” என்று கத்தினேன்.

“அடுத்தவன் பொருள், ஜமீலா. நம்பிக் குடுத்துட்டு டீ குடிக்கப் பூட்டான். அதான் தொடரா வருதே, அதுல பாத்துக்கினா போச்சு.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எட்டியும் வாயை இறுக்கி மூடிக்கொண்ட மனுஷனை என்ன செய்வது?

தொடர் வருவதற்குள் சர்க்கரை இவர் கண்ணைத் தின்றுவிட்டது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். பகலா இரவா என்று மட்டும் தெரிகிற அளவில் நின்றுபோனது. கடையையும் மூடினோம்.

தொடர் வந்தது. நான் படத்தைச் சொல்லச் சொல்ல இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். முடிவில் அப்பாவும் மகளும் கைகோத்துக்கொண்டு கடற்கரையில் வந்து இறங்கினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர். இவருக்கு ஆத்திரம்.

“ஒரு சீட்டுதானே கீது? இன்னொன்னு எங்கேர்ந்து வந்துச்சு? இது அந்தக் கதையே இல்ல!”

அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. பாழாய்ப்போன அந்த ராக்கெட்டை நான் சபிக்காத நாள் இல்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெட்கத்தை விட்டு ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டேன்.

“தம்பி, பொருள் உன்னுது. பாய்க்கு ஒரே ஒரு பக்கம் படிச்சுக் காட்டணும்ப்பா.”

மறுபேச்சு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து நின்றான். தங்கமான பிள்ளை. “பாய்க்கு இல்லாத புக்கா, அக்கா?” என்று கத்தியை வாங்கிப் பெட்டியை அறுத்தான். இவர் சட்டை மாற்றி, அத்தர் பூசி, பெருநாள் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அட்டை பளபளவென்று இருந்தது. ஸ்ரீநாத் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. மழை நாள் ஈரம் உள்ளேயே தங்கி, தாளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகிக் கிடந்தது. நகத்தால் கிளப்பினான். பூஞ்சை பிடித்த தூள்தான் உதிர்ந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். யா அல்லா, நான் என்ன செய்வேன்!

“இன்னாப்பா, கடைசிப் பக்கம் வந்துட்டியா? யாரு ஏறுனா?” என்று கேட்டார் இவர்.

ஸ்ரீநாத் ஒட்டிக்கிடந்த பாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பொண்ணுதான், பாய். அப்பா அங்கயே நின்னு கை காட்டுறாரு.”

இவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகு கையை நீட்டினார்.

“பக்கம் திருப்புற சத்தமே கேக்கலியேப்பா. குடு.”

கொடுத்தான். ஓரத்தைத் தடவினார். முதுகைத் தடவினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“காய வெக்காம மூடிட்டேன்” என்றார். “பிரிச்சா படிச்சிடுவேன்னு பயம், ஜமீலா. அதான் பிரிக்கல. உன் பொருளக் கெடுத்துட்டேனே, தம்பி.”

ஸ்ரீநாத் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். புத்தகத்தை இவர் மடியிலிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை.