பீர்க்கங்கொடிக்குக் கொண்டுபோன கழுநீர்

மலாய் நாட்டில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்களே, அப்போது நடந்தது இது. மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்லிமாவிலிருந்து ஓர் அக்கா பஸ் ஏறி வருவார். மளிகைக் கடைக்காரர் மனைவி. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, கூலியும் கிடையாது. தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்களுக்குக் காய்கறி போடச் சொல்லித் தருவதில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். வேலிக்கு வெளியே, கேட்டுக்கு எதிரிலேயே, துரை எங்களுக்கு ஒரு துண்டு நிலம் விட்டிருந்தார். அதில் என் பீர்க்கங்கொடி மட்டும் சவலைப் பிள்ளை மாதிரி நின்றது.

“கழுநீரப் புளிக்க வெச்சு ஊத்து, தங்கச்சி. மிச்சம் மீதியையும் அதுலயே போட்டுரு” என்றார் அக்கா.

அப்படியே செய்தேன். அரிசி களைந்த தண்ணீர், மகள் தட்டில் விட்ட சோறு எல்லாம் ஒரு பழைய டின்னில் சேர்ந்தது. அந்த வாரம் முழுக்க ஊற்றினேன்; கேட்டில் யாரும் கேட்கவில்லை. அரிசியோ சோறோ வெளியே போகக் கூடாதென்று எனக்கும் தெரியும். ஆனால் கழுநீரை யாராவது சாப்பாடு என்பார்களா? மாட்டுக்கு ஊற்றுவதுதானே!

அடுத்த ஞாயிறு கேட்டில் புதுக் காவல்காரர் நின்றார். குச்சியை விட்டுக் கலக்கியவர், டின்னைத் தரையில் கவிழ்த்துவிட்டார். அடியில் கிடந்த பருக்கைகள் வெள்ளை வெளேரென்று மண்ணில் பரவின. “நாசி! நாசி!” என்று கத்தினார், சோறு சோறு என்று. துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். லாரியில் ஏறச் சொன்னார்.

லாரியில் ஏறினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் போன ஒருத்தி திரும்பவே இல்லை. கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டதாகப் பேச்சு. என் மகளுக்கு என்னை விட்டால் நாதியில்லை. கூட வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நழுவினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து பஸ்ஸை விட்டு இறங்கினார் அக்கா. நிலைமையைப் பார்த்ததுமே அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். நேரே வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார். கொடிக்கு ஊற்றத் தான்தான் சொன்னதாக மலாயில் சொன்னார்.

“அப்படியானால் நீயும் ஏறு” என்றார் அவர்.

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. ஏறுகிறேன், அதற்கு முன் கொடியை ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கெஞ்சினார்.

போனோம், இரண்டு பக்கமும் துப்பாக்கி. அக்கா முட்டிபோட்டு உட்கார்ந்து, என் கொடியின் அடிமண்ணைக் கையாலேயே கிளறினார். வெறும் மண். இன்னும் கொஞ்சம் தோண்டினார். அப்போதும் மண்தான். என் உயிர் என்னிடம் இல்லை. சட்டென்று உள்ளேயிருந்து எறும்புகள் திமுதிமுவென்று கிளம்பின, வாயில் பழுப்பேறிய பருக்கைகளோடு. ஊற்றிய சோறு காட்டுக்குப் போகவில்லை, இங்கேதான் கிடக்கிறது என்று அக்கா மண்ணை அள்ளி நீட்டினார். குனிந்த இன்ஸ்பெக்டர், புளித்த நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

இனி ஒரு பருக்கை வெளியே வந்தாலும் இரண்டு பேருமே உள்ளேதான் என்று திட்டிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. “ஏங்க்கா வந்தீங்க? உங்களுக்குப் புள்ளகுட்டி இல்லியா?”

“இருக்கு லா. பயந்து செத்துட்டேன். ஆனா என் பேச்ச நம்பித்தானே நீ டின்னத் தூக்குன?”

இன்றைக்கும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நான் சொன்னதைச் செய்து இவர் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் போய் நிற்பேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பல தடவை, கேட்டவரிடம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.